தங்கசாலைத் தெரு: துணி கூட்டிவந்த மொழிகள்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு வடக்கே பார்க் டவுனில் தொடங்கி, ஜார்ஜ் டவுனின் மேற்குப் பாதியை நீளவாக்கில் கடந்து, வண்ணாரப்பேட்டை மின்ட் மணிக்கூண்டை எட்டும் தங்கசாலைத் தெரு, நகரின் மிக நீண்ட பழைய தெருக்களில் ஒன்று. பேச்சுவழக்கில் மின்ட் தெரு. இதன் நடுப்பகுதியும் சுற்றியுள்ள சந்துகளும் சேர்ந்ததே சௌகார்பேட்டை. தமிழ், தெலுங்கு, குஜராத்தி, மார்வாடி, இந்தி, உருது ஆகிய மொழிகளில் இங்கே விலை பேசப்படுகிறது. வெள்ளிக் கடை, ஜிலேபிக் கடை, சிவன் கோயில், சமணக் கோயில், பள்ளிக்கூடம், பழைய அச்சகம், சினிமாக் கொட்டகை எல்லாம் இந்த ஒரே தெருவின் வரலாற்றில் இடம்பெற்றவை. பல இனத்தார் வாழும் பெருநகரத் தெரு என்றால் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையோ பினாங்கின் ஜார்ஜ் டவுனோதான் பலருக்கும் நினைவுக்கு வரும். தங்கசாலைத் தெரு அவற்றைவிட மூத்தது. இத்தனை வகை மக்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது பெரும்பாலும் துணி. நெய்த துணி, வெளுத்த துணி, சாயமேற்றிய துணி, அவற்றுக்குக் கடன் கொடுத்த பணம் ஆகியவற்றைத் தொடர்ந்து போனால் இந்தத் தெருவின் உணவும் கலையும்கூடப் புரியத் தொடங்கும்.

வெளுப்பவர்களின் தெரு

கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் சென்னைக் கடற்கரையில் இடம் வாங்கியதற்குத் துறைமுக வசதி காரணமல்ல. அங்கே இயற்கைத் துறைமுகமே கிடையாது. அலை மோதும் கரையில் மசூலாப் படகுகளை நம்பித்தான் சரக்கு ஏற்றியாக வேண்டும். ஆனாலும் துணி இங்கே மலிவாகக் கிடைத்தது, நெசவு ஊர்கள் பின்னிலத்தில் நிறைந்திருந்தன என்பதே கம்பெனியின் கணக்கு. கம்பெனியின் வணிகர்கள் முன்பணம் கொடுத்து உள்நாட்டு நெசவாளரிடம் பருத்தித் துணி வாங்கினர். தறியிலிருந்து வரும் துணி கஞ்சியும் அழுக்குமாக இருக்கும். அதை வெளுத்து, உலர்த்தி, மடித்து, கட்டுக்கட்டினால்தான் கப்பலேற்ற முடியும். அந்த வேலைக்கு நல்ல தண்ணீரும் திறந்த வெளியும் வேண்டும். கம்பெனியின் கோட்டைக்கு வடமேற்கே இருந்த மணற்பாங்கான நிலம் அதற்கு வாய்ப்பாக அமைந்தது. கம்பெனியின் வண்ணார்கள் குடியேறிய அந்தப் பாதை பழைய ஆவணங்களில் வண்ணார் தெரு என்றே குறிக்கப்படுகிறது. வண்ணாரப்பேட்டையும் அதே தொழிலின் பெயரைச் சுமக்கிறது.

வெளுப்பவர்களுக்கு அருகிலேயே சாயக்காரர்களும், துணியில் கையால் சித்திரம் எழுதுவோரும் இருந்தனர். சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய சீட்டித் துணி ஐரோப்பாவில் படுக்கை விரிப்பாகவும் மேலாடையாகவும் பரவியது. அதைக் கண்டு அஞ்சிய இங்கிலாந்து நெசவுத் தொழிலினர் 1700லும் 1721லும் இந்திய அச்சுத் துணிகளுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவரச் செய்தனர். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்று கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் போற்றப்படும் சோழமண்டலச் சீட்டிகள், பெயர் தெரியாத இத்தகைய ஓவியர்களின் கைவேலை. இந்த வட்டாரத்தின் கலை வரலாற்றை எழுதுவோர் இசைச் சபாக்களிலிருந்து தொடங்குவது வழக்கம். நியாயமாகப் பார்த்தால் அது இந்தத் துணி ஓவியர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.

இப்போதைய பெயர் பின்னால் வந்தது. கோட்டைக்குள் இருந்த கம்பெனியின் நாணயச் சாலை 1841–42 வாக்கில் இந்தத் தெருவின் வடக்கே இருந்த பழைய வெடிமருந்து ஆலைக் கட்டடத்துக்கு மாறியது. 1869இல் நாணயம் அச்சிடுவது நின்றுபோனது. பிறகு அந்த வளாகத்தில் அரசு அச்சகம் இயங்கியது. நாணயச் சாலை அங்கே இருந்தது முப்பது ஆண்டுகூட இல்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

குடியேறியவர்கள்

கறுப்பர் நகரம் என்று ஆங்கிலேயர் அழைத்த இந்தப் பகுதி, 1906இல் வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ் வந்து சென்றதை ஒட்டி ஜார்ஜ் டவுன் ஆயிற்று. மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை, கிழக்கே முத்தியால்பேட்டை என இரண்டு பேட்டைகள். தங்கசாலைத் தெரு பெத்தநாயக்கன்பேட்டைக்கு உரியது. இந்தப் பிரிவு வெறும் வரைபடக் கோடு அல்ல. 1707இல் வலங்கை, இடங்கை என்று இரு அணிகளாகப் பிரிந்திருந்த சாதியாருக்கிடையே யார் எந்தத் தெருவில் ஊர்வலம் போகலாம் என்ற சண்டை முற்றி, தாமஸ் பிட் என்ற ஆளுநர் தலையிட்டு இரு தரப்புக்கும் தெருக்களைப் பிரித்துக் கொடுக்க நேர்ந்தது. பல சமூகத்தார் அருகருகே வாழ்ந்த இந்த ஏற்பாடு நல்லிணக்கத்தில் மட்டும் பிறந்ததாக எழுதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. சண்டையும் உடன்படிக்கையும் மாறிமாறி வந்துதான் அது உருவாயிற்று.

1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை, பிறகு ஹைதர் அலியின் படையெடுப்பு அச்சம் இரண்டும் சேர்ந்து, நகரைச் சுற்றி மதில் எழுப்பச் செய்தன. அந்த மேற்கு மதிலை ஒட்டியதே இன்றைய வால்டாக்ஸ் சாலை. மதில் செலவுக்கு விதிக்க நினைத்த வரியின் நினைவை அந்தப் பெயரில் காணலாம். மதிலின் வாயில்களில் ஒன்று யானைக்கவுனி. கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்பதற்காக இடிக்கப்பட்ட சென்னக் கேசவர், சென்ன மல்லீசுவரர் கோயில்கள், 1760களில் தேவராஜ முதலித் தெரு அருகே மீண்டும் எழுந்தன. அதற்கு முன்பே தங்கசாலைத் தெருவின் தென்பகுதியில் கம்பெனி வணிகர் ஆலங்காத்த பிள்ளை கட்டியதாகக் கூறப்படும் ஏகாம்பரேசுவரர் கோயில் இருந்தது. காஞ்சியின் ஏகாம்பரநாதர் பெயரே இங்கும் இறைவனுக்கு. துணிக்காகக் காஞ்சியைப் பார்த்திருந்த ஊர், சாமிக்கும் காஞ்சியையே பார்த்தது.

துணி வணிகம் பெருகியபோது முன்பணம் தரவும் உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டுகளை மாற்றவும் ஆட்கள் தேவைப்பட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் குஜராத்திலிருந்து லேவாதேவிக்காரர்கள் வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராஜஸ்தானிலிருந்து மார்வாடிகள் பெருமளவில் சேர்ந்தனர். இவர்களில் பலர் சமணர். வெண்பளிங்கில் கட்டிய சந்திரபிரபு சமணக் கோயில் தங்கசாலைத் தெருவிலேயே இருக்கிறது. இவர்களுக்கு முன்பே தெலுங்கு பேசும் கோமுட்டிச் செட்டியார்கள் இங்கே வலுவாக இருந்தனர். கொத்தவால்சாவடியின் கன்னிகா பரமேசுவரி கோயில் அவர்களுடையது. சற்றுக் கிழக்கே அர்மீனியர் 1772இல் கட்டிய தேவாலயம் நிற்கிறது. பவளக்காரத் தெருவில் ஒரு காலத்தில் ஐரோப்பிய யூதர் பவளமும் வைரமும் விற்றனர். பின்னர் அங்கே நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் குடியேறினர். மண்ணடியில் மரைக்காயர்களின் கடல் வணிகம் நடந்தது. அரைமணி நேரத்தில் நடந்து கடந்துவிடக்கூடிய பரப்புக்குள் இத்தனையும்.

கடைத்தெருவும் தேவிகாபுரத்துத் தறியும்

இந்த வட்டாரத்தில் எதை வாங்க வேண்டுமோ அதற்கென்று ஒரு தெரு உண்டு. கல்யாணப் பத்திரிகைக்கும் காகிதத்துக்கும் ஆண்டர்சன் தெரு, பூவுக்குப் பத்ரியன் தெரு, நகைக்கு முன்னாளில் சைனா பஜார் என்றிருந்த என்.எஸ்.சி. போஸ் சாலை, மொத்த விலைத் துணிக்குக் கோடவுன் தெரு, பரிசுப் பொருள்களுக்குக் காசிச் செட்டித் தெரு. தங்கசாலைத் தெருவின் சரக்கு வெள்ளிப் பாத்திரம், கவரிங் நகை, வளையல், ஜரிகைக் கரை, எம்பிராய்டரிப் பட்டை, காக்ரா, சோளி. பண்டிகைக்கு முன் இந்தச் சந்துகளில் மனிதர் நகர்வதே கடினம். மீன்பாடி வண்டிக்கும் சுமைதூக்கும் தொழிலாளிக்கும் வழிவிட்டுத்தான் வாடிக்கையாளர் நடக்க வேண்டும்.

லங்காஷயர் ஆலைத் துணி இறக்குமதியானபோது, ஏற்றுமதிக்காகப் பிறந்த இந்தச் சந்தை இறக்குமதிச் சந்தையாக மாறியது. சுதந்திரத்துக்குப் பின் அகமதாபாத்தும் சூரத்தும் அந்த இடத்தைப் பிடித்தன. சரக்கு வரும் திசை மூன்று நூற்றாண்டுகளில் தலைகீழாகத் திரும்பிவிட்டது. வாங்கும், விற்கும், கடன் கொடுக்கும் அமைப்பு மட்டும் கலையவில்லை.

இந்தத் தெருவை முழுதாகப் புரிந்துகொள்ள அதன் மறுமுனையையும் பார்க்க வேண்டும். அதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்தின் தேவிகாபுரம் பொருத்தமான இடம். ஆரணிக்குத் தெற்கே, போளூருக்கும் சேத்துப்பட்டுக்கும் இடையே உள்ள ஊர். விஜயநகரக் காலத்துப் பெரியநாயகி அம்மன் கோயிலும், குன்றின் மேல் கனககிரீசுவரர் கோயிலும் அதற்கு அடையாளம். ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு போல இதுவும் ஆரணிப் பட்டின் நெசவு ஊர். காஞ்சிப் பட்டைவிட எடை குறைந்தது, விலையும் கைக்கு எட்டக்கூடியது என்பதால் ஆரணிப் பட்டுக்குத் தனி வாடிக்கையாளர்கள் உண்டு. அது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

நெசவு ஊரில் தெரு வேறு வகையானது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை நீட்டி, இழை இழையாகப் பிரித்து, கஞ்சி போட்டு ஆற்றுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். பிறகு வேலை வீட்டுக்குள் போகும். பெண்களும் முதியவர்களும் தார் சுற்ற, குழித்தறியில் ஜக்கார்டு பெட்டியின் கீழே நாடா ஓடும். ஒரு சேலைக்குள் எத்தனை ஊர் இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை நெடுங்காலமாகச் சூரத்திலிருந்து வந்தது. அந்தச் சார்பைக் குறைக்கத்தான் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. நெய்பவர் தமிழ் பேசுகிறார். அவர் நெய்யும் கரையில் மின்னும் கம்பி குஜராத்தியோடு வந்தது. தங்கசாலைத் தெருவின் பன்மொழிக் கலவை, தேவிகாபுரத்தில் ஒரு முந்தானைக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

பங்கு மட்டும் சமமல்ல. கூலிக்கு நெய்பவருக்குச் சேலையின் கடை விலையில் கிடைக்கும் பகுதி சிறியது. நூல் விலை ஏறினாலும் விற்பனை சரிந்தாலும் முதல் அடி தறிக்காரருக்கே விழுகிறது. கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் விற்பனை அமைப்பாக 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸும் இந்த இடைவெளியைச் சுருக்க முயன்றவை. கடைத்தெருவின் பளபளப்பை மட்டும் எழுதிவிட்டு இந்தக் கணக்கை விட்டுவிடுவது நெசவாளருக்குச் செய்யும் அநீதி.

சாப்பாடு

குடியேறியவர்கள் மொழியை வெளியில் மாற்றிக்கொண்டார்கள். சமையலை மாற்றிக்கொள்ளவில்லை. சமணர் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு போன்ற மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு வகைகளைத் தவிர்ப்பவர்கள். இருட்டிய பின் உண்ணாமல் இருப்பதும் அவர்களில் பலருக்கு நோன்பு. வெளியூர்க்காரர் இதை வெறும் விலக்குகளின் பட்டியலாக நினைக்கலாம். ஆனால் தெருவின் உணவு வணிகத்தையே இந்த விதிகள் வடிவமைத்துள்ளன. பாவ்பாஜியில் உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய் மசிக்கப்படுவது இதனால்தான். அசைவ வாசமே இல்லாத நீண்ட கடைவரிசை அமைந்ததும் இதனால்தான்.

ராஜஸ்தானின் வறண்ட நிலத்தில் காய்கறி அரிது. கடலை மாவு, நெய், தயிர், உலர்ந்த பருப்பு வடகம் ஆகியவற்றைக் கொண்டே ஒரு முழுச் சமையல் அங்கே உருவாயிற்று. அதன் பண்டங்கள் இங்கே குவிந்துள்ளன: கச்சோரி, சேவ், ரபடி, மூங் தால் அல்வா. காகடா ராம்பிரசாத் கடையின் நெய் ஜிலேபிக்கு நகரின் தெற்குக் கோடியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மும்பையின் வடாபாவும் கச்சு மாவட்டத்தின் தாபேலியும் தள்ளுவண்டிகளில் கிடைக்கின்றன. ஏடு மிதக்கும் லஸ்ஸியும் குங்குமப்பூ போட்ட பாதாம் பாலும் கோடைக்கும் குளிருக்கும் தனித்தனியே கூட்டம் சேர்ப்பவை.

இவற்றைவிடச் சுவையான செய்தி, இரண்டு சமையல்கள் கைகோத்த இடங்களில் இருக்கிறது. முறுக்கு சாண்ட்விச் அதற்குச் சரியான சான்று. இரண்டு வட்ட முறுக்குகளுக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, வெங்காயத் துண்டுகள், புதினாச் சட்னி, மேலே கொஞ்சம் சாட் மசாலா. மும்பை சாண்ட்விச்சின் உள்ளடக்கம், ரொட்டி இருந்த இடத்தில் தமிழ் முறுக்கு. சேலத்தின் தட்டுவடை செட்டும் இதே அமைப்பு உடையது. அங்கே பீட்ரூட், கேரட் துருவலோடு இரண்டு சட்னிகள். எது முன், எது பின் என்று வாதிடுவதைவிட, தமிழ்நாட்டின் இரண்டு வணிக நகரங்கள் ஒரே யோசனையை எட்டியதைக் குறித்துக்கொள்வது பயனுள்ளது. எதிர்த்திசையிலும் கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது. என்.எஸ்.சி. போஸ் சாலையில் மாலையில் மட்டும் திறக்கும் சீனா பாய் டிபன் கடையில் விற்பது இட்லியும் ஊத்தப்பமும்தான். சௌகார்பேட்டைக் கைப்பழக்கம் அதன் மேல் தாராளமாக ஊற்றும் நெய்யில் தெரிகிறது.

கடற்கரைப் பக்கம் போனால் வேறொரு குடிப்பெயர்வின் ருசி. 1960களில் பர்மாவில் கடைகளும் வணிகங்களும் அரசுடைமையானபோது ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறித் திரும்பின. அவர்களுக்காக 1969இல் பர்மா பஜார் அமைந்தது. அவர்கள் கொண்டுவந்த அத்தோ இன்று வடசென்னையின் சொந்த உணவு. சேமியாவைப் போல நீண்ட கோதுமை நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப்பும், வெங்காயம் திணித்த முட்டைப் பேஜோவும். தாயகம் திரும்பியவர்கள் அகதிகளைப் போலத் தொடங்கிய வாழ்க்கைக்கு இந்தத் தள்ளுவண்டிகள் சோறு போட்டன.

நகரத்துக்கே காய்கறி அனுப்பிய கொத்தவால்சாவடி மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. விடியலுக்கு முன் லாரிகள் நுழைந்த அந்தச் சந்துகளின் ஆரவாரம் அத்துடன் பாதியாகக் குறைந்தது.

அச்சு, இசை, திரை

கடைத்தெருவில் கலை எப்படி வளர்ந்தது? பணம் வைத்திருந்தவர்கள் புரவலர்களாக இருந்தார்கள் என்பது விடையின் ஒரு பகுதி. பந்தர் தெருவில் வாழ்ந்த கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில்தான் தியாகராஜர் சென்னை வந்தபோது தங்கினார். அவருடைய கோவூர் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் அந்தத் தொடர்பில் பிறந்தவை. ராமகிருஷ்ணத் தெருவில் வீணை தனம்மாளின் (1867–1938) வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வாசிப்பைக் கேட்க, பெரிய வித்துவான்களே வந்து அமைதியாக உட்கார்ந்திருந்தனர். மயிலாப்பூர் சபாக்கள் பெயர் பெறுவதற்கு முன்னால் சென்னையின் இசை ஊர் இதுதான். இன்றைய டிசம்பர் சீசன் விளம்பரங்களில் ஜார்ஜ் டவுனின் பெயர் அரிதாகவே தென்படுவது வருத்தத்துக்கு உரியது.

பக்தியும் பாட்டும் ஏழைகளுக்கும் எட்டின. ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வளர்ந்த இராமலிங்க வள்ளலார், ராசப்பச் செட்டித் தெருவின் கந்தகோட்டத்து முருகனைப் பாடிய தெய்வமணிமாலை இந்த மண்ணில் உருவான நூல். புரட்டாசியில் சென்னக் கேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிக்குப் புறப்படும் திருக்குடை ஊர்வலம், வடநாட்டு பைராகி மடத்து வழியாகச் சென்று யானைக்கவுனியைத் தாண்டும்போது, எந்த மொழிக்காரர் என்ற வேறுபாடின்றித் தெரு நிறைகிறது.

அச்சுத்தொழிலில் தங்கசாலைத் தெருவுக்கு இணையாகச் சொல்ல நகரில் சில தெருக்களே உண்டு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1860இல் இங்கே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவிப் பிழையற்ற பதிப்புகளை வெளியிட்டார். 1878 செப்டம்பர் 20 அன்று தி ஹிந்து இதழின் முதல் 80 படிகள் இந்தத் தெருவின் ஸ்ரீநிதி அச்சகத்தில் அச்சாயின. குஜராத்தி மரபினரான சிவசங்கர பாண்டியா 1889இல் தொடங்கிய ஹிந்து தியலாஜிக்கல் பள்ளியும் இதே தெருவில்தான். புலவர்களுக்கான பதிப்பு ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் பார்க் டவுன் குஜிலிக் கடைகளில் கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் பாட்டு என்று சாணித்தாளில் அச்சான மலிவுப் புத்தகங்கள் விற்றன. ஆ. இரா. வேங்கடாசலபதி முச்சந்தி இலக்கியம் என்ற நூலில் அவற்றுக்கு உரிய இடத்தை நிறுவிக் காட்டினார். அவை கற்றவர்களின் ஏளனத்துக்கு உள்ளாயின, நூலகங்களும் பெரும்பாலும் சேர்த்து வைக்கவில்லை. அப்படியிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையின் கூலிக்காரர் எதைப் படித்தார், எதைப் பாடினார் என்பதற்கு அவையே சாட்சி.

நாடகத்துக்கு வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடைக் கொட்டகை. சினிமாவுக்கு, மச்சிலிப்பட்டினத்தில் பிறந்த ரகுபதி வெங்கையா தங்கசாலைத் தெருவில் கட்டிய கிரவுன் திரையரங்கு. தமிழ்ப் பேசும்படம் வந்ததும் இந்த வட்டாரத்தின் கினிமா சென்ட்ரலில்தான், பின்னாளில் முருகன் என்ற பெயர் பெற்ற அரங்கு அது. எச். எம். ரெட்டி இயக்கிய காளிதாஸ் அங்கே 1931 அக்டோபர் 31 அன்று வெளியாயிற்று. படச்சுருள் பெட்டி வந்து இறங்கியபோது மக்கள் தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். முதல் தமிழ்ப் பேசும்படம் என்று பெயர் பெற்ற அதில் டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, பிற பாத்திரங்கள் தெலுங்கிலும் இந்தியிலும் பேசின. தியாகராஜர் கீர்த்தனைகளும் இருந்தன. இதைத் தொடக்ககாலக் குளறுபடி என்று திரைப்பட வரலாறுகள் கடந்துவிடுகின்றன. ஆனால் தமிழும் தெலுங்கும் ஒரே கடைவாசலில் கலந்து பேசப்பட்ட இந்தத் தெருக்காரர்களுக்கு அது அன்றாடப் பேச்சாகவே பட்டிருக்கும்.

இன்று பழைய திண்ணை வீடுகள் பல, அடுக்குமாடிக் கடைகளாகிவிட்டன. வசதி பெற்ற குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்களில் பல வேப்பேரி, புரசைவாக்கம், கீழ்ப்பாக்கம் என்று குடிபெயர்ந்து, காலையில் கடைக்கு மட்டும் வருகின்றன. சரக்கை ஏற்றி இறக்கப் பழைய தெரு அகலம் போதவில்லை. 2019இல் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டை வரை வந்ததால், மண்ணடி நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தே இந்தச் சந்துகளுக்கு வர முடிகிறது. மாலை ஆறு மணியிலிருந்து வருவோரில் பலர் சரக்கு வாங்க வருபவர்கள் அல்லர், சாப்பிட வருபவர்கள்.